ஒன்பதாம் படுக்கைக்கு ஒரு பதில்

காலை ஒன்பதரைக்கு ஊழியர் பாத்ரூம் கதவைச் சரியாகச் சாத்துகிறேன் பேர்வழி என்று இழுத்ததில், உள்பக்கக் கைப்பிடி வார்டு பொறுப்பாளரின் கையோடு வந்துவிட்டது.

"தச்சரைக் கூப்பிடட்டுமா சார்?" என்றாள் புது நர்ஸ்.

"உங்களுக்கு என்ன தோணுது?"

போன வாரம் கோச்சிங் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து மனிதர் இப்படித்தான். யாருக்கும் பதில் சொல்லக் கூடாதாம்; கேள்வி கேட்டே அவரவர் பதிலை அவரவர் வாயிலிருந்து வரவழைக்க வேண்டுமாம். வார்டு அவருக்குக் 'கேள்விக்குறி' என்று பெயர் வைத்துவிட்டது. இன்று பதினொரு மணிக்கு மேட்ரன் வந்து பார்ப்பார். பிடித்துவிட்டால் எல்லா வார்டுக்கும் இவரே குரு. பிடிக்காவிட்டால் பழையபடி ஊசி, மாத்திரை.

"அப்புறம் பாத்துக்கலாம்னு தோணுது சார்."

"சபாஷ்! பதில் உங்ககிட்டயே இருந்துச்சு பாருங்க." கைப்பிடி அவர் பாக்கெட்டுக்குள் போனது.

பத்தே காலுக்கு, நோயாளிகள் கூப்பிடும் மணி அடித்தது. பலகையில் சிவப்பு விளக்கு: ஒன்பதாம் படுக்கை.

ஒன்பதில் ஆளே இல்லை. அங்கே இருந்த கணக்கு வாத்தியார் முந்தாநாள்தான் காலமானார். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மணி மறுபடி அடித்தது.

"யார் சார் அடிக்கிறது?"

"யாரா இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"வாத்தியார்," என்றாள் அவள், உதடு வெளுத்துப்போய். "எனக்குக் கீழ போகணும்னு தோணுது சார்." போயே போய்விட்டாள்.

துடைப்பமும் கையுமாக வந்த துப்புரவு அக்கா, "சார், அந்தப் பெல்லு..." என்று ஆரம்பித்தார்.

"பதிலை என்கிட்ட சொல்லாதீங்க அக்கா. உள்ளுக்குள்ளயே வச்சு யோசிங்க."

"வச்சுக்கிறேன் சாமி."

கேள்விக்குறிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கடைசி நாளன்று வாத்தியார் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் வீட்டுக்குப் போவேனா?" என்று கேட்டார். இவர், பயிற்சியின் மிதப்பில், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார். வாத்தியார் பார்த்த பார்வை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

மெல்ல ஒன்பதாம் படுக்கையருகே போனார். சுவரின் உச்சியில் இருந்த காற்றுத் துளை வழியே, ஆணா பெண்ணா என்று தெரியாத, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல் ஒன்று இறங்கி வந்தது.

"யாராவது இருக்கீங்களா...?"

அவர் திரும்பி ஓடப் பார்த்தார். வாய் மட்டும் பழக்கதோஷத்தில், "உங்களுக்கு என்ன வேணும்?" என்றது.

"வெளிய வரணும்!"

"உங்களை எது தடுக்குது?"

"கதவு!"

"அது மனசோட கதவா இருக்குமோ?"



"கேள்வி கேக்காம நேரா பதில் சொல்லு! நான் இன்னைக்கு வீட்டுக்குப் போவேனா, மாட்டேனா?"

அதே கேள்வி. கேள்விக்குறி உடைந்து அழுதுவிட்டார்.

"மன்னிச்சிடுங்க. அன்னைக்கே சொல்லியிருக்கணும். நீங்க இனிமே வீட்டுக்குப் போகப் போறதில்ல. உங்க கதை முந்தாநாளே முடிஞ்சுபோச்சு."

துளையிலிருந்து கிளம்பிய அலறலில் மருந்துப் புட்டிகள் கிணுகிணுத்தன.

கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினார். கைப்பிடி தரையில் விழுந்து உருண்டது. அக்கா அதை எடுத்துப் பார்த்தார். அவரைப் பார்த்தார். துளையைப் பார்த்தார்.

"அக்கா, மேட்ரன் வர்ற நேரம். இந்த ஆவியை என்ன பண்றது? நீங்களாவது ஒரு பதில் சொல்லுங்க!"

"ஒன்பதாம் நம்பர் பெல்லை நேத்துதான் ஸ்டாஃப் பாத்ரூமுக்கு மாத்தினாங்க சார்," என்றார் அக்கா. "மேட்ரன் அம்மா பத்து மணிக்கே வந்தாச்சு."