பட்டாளத்துக்குப் போகாத பூட்ஸ்

உயிரோடிருக்கும் ஒருவனின் பூட்ஸை அவன் கண் முன்னாலேயே ஏலம் போட்டு, அவன் செத்துப்போனதாகவும் அறிவித்து, அதற்குக் கைதட்டலும் வாங்கிய ஊர் உலகத்தில் ஒன்றுதான் இருக்கும். அது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, குன்னத்துகால் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர். செத்ததாக அறிவிக்கப்பட்டவன் நான். வருஷங்கள் போய்விட்டன, எனக்கு இன்னும் ஆறவில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் எட்டாம் வகுப்போடு ஒத்துவராமல் போய்விட்டது. பிறகு லாரியில் கிளீனர், ரப்பர் வெட்டு, நாசிக்கில் வெங்காய மூட்டை, கடைசியில் இமாச்சலில் மலையைக் குடைந்து சுரங்கம் போடும் வேலை. ஓரிடத்தில் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். (பூட்ஸ் போட்டாலும் அரிக்கும், அது வேறு அரிப்பு.) அந்த பூட்ஸ் பதான்கோட்டில் நடைபாதையில் வாங்கியது. பட்டாளத்து மாடல். இடதுகால் அடி பிளந்தபோது லாரி டயரை வெட்டி நானே ஆணி அடித்தேன். வலதுகாலில் ஒரு பாறைத்துண்டு விழுந்து முன்பக்கம் குழிந்துவிட்டது, விரல்கள் தப்பின. சுரங்கத்து மேஸ்திரியிடம் ஒரே ஒரு சட்டம்தான்: பூட்ஸ் இல்லாதவனை உள்ளே விடமாட்டார். எத்தனை நாள் ரயிலில் வந்தேன் என்று அழுதாலும் அடுத்த ரயிலில் திரும்ப வேண்டியதுதான்.

விடுமுறை முடிந்து நான் ரயில் ஏற வேண்டிய அன்று காலையில், எங்கள் சர்ச் ஹாலில் பழைய பட்டாளச் சாமான்களின் கண்காட்சியும் ஏலமும் நடந்தது. திருவனந்தபுரத்தில் பழம்பொருள் சேர்க்கிற சிலர் வந்து நடத்தினார்கள். என் அக்காவின் கணவர் வில்சன் அத்தான் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். (சமையல் என்று சொல்லமாட்டார். 'சப்ளை' என்பார்.) அவரை மேடையில் உட்காரக் கூப்பிட்டிருந்தார்கள்.

"எலே மக்கா, ரயில் சாயங்காலம்தானே? வந்து பாரு. அத்தானுக்கு இந்த ஊர்ல என்ன மதிப்பு உண்டுன்னு நீயும் தெரிஞ்சிக்கிடணும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் முன்னாலேயே போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் சர்ச்சானாலும் சர்ச் ஹாலானாலும் செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போவோம். ஒரு பக்கம் மாமரத்தடியில் ஊர்க்காரர்களின் ரப்பர் செருப்புகள் குவிந்து கிடந்தன. மறுபக்கம் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் பூட்ஸ் ஜோடிகள் அணிவகுத்து நின்றன. பட்டாளக்காரர்கள் கழற்றி வைத்தவை என்று நினைத்தேன். என்ன ஒழுங்கு! எனக்குப் புல்லரித்தது. அந்த ஒழுங்கு கெடாதபடி என் பூட்ஸையும் கடைசியில் குதிகால் சேர்த்து, மூக்கு நேராக நிறுத்திவிட்டு உள்ளே போனேன். உள்ளே வெளியூர்க்காரர்கள் அத்தனை பேர் காலிலும் ஷூ இருந்தது. இவர்களுக்கு மரியாதை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். தார்ப்பாயில் இருந்தது விற்பனைச் சரக்கு என்று அப்போதாவது என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

துருப்பிடித்த தொப்பி, தண்ணீர்க் குப்பி, அலுமினியத் தட்டு எல்லாம் கண்ணாடிக்குள் இருந்தன. அதே மாதிரித் தட்டில்தான் நான் சுரங்கத்தில் கஞ்சி குடிக்கிறேன். இங்கே 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்திருந்தார்கள்!

ஏலம் விட்டவர் எங்கள் சபையின் ஞானமுத்து அண்ணன். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் சேவலும் ஏலம் விட்டுப் பழகிய குரல். திடீரென்று அவர் கையில் என் பூட்ஸ், சேவலைக் காலில் பிடிப்பதுபோல வார்களில் பிடித்துத் தூக்கப்பட்டு, தொங்கிக்கொண்டிருந்தது.

"இது எந்தக் காலத்து சாதனம்? நம்ம வில்சன் சாரு சொல்லுவாரு" என்று மேடையில் நீட்டினார்.

அந்த பூட்ஸ் ஒரு மாதமாக அத்தான் வீட்டு வாசலில் கிடந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் அவர் பல் தேய்க்கப் போவார். மேடை ஏறிய மனுஷனுக்கு அது தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். மைக்கைப் பிடித்தார்.

"இது மலைச்சண்டையில போட்ட பூட்ஸாக்கும். பனியில வழுக்காம இருக்க அந்த ஜவான் அவனுக்க கையாலயே டயர் வச்சு அடிச்சிருக்கான், பாருங்க. இந்தக் குழி குண்டுச்சில்லு கொண்டது. இதப் போட்டவன்..." குரல் உடைந்தது. "இதப் போட்டவன் உயிரோட திரும்பி வந்திருக்க வழியில்ல, மக்களே."

ஹாலில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் என் அக்காவும் அழுதாள். (ஆகாதவளே, நீயுமா?)

நான் எழுந்து கத்தினேன்: "அத்தான்! அது எனக்க பூட்ஸாக்கும்!"

மேடையில் இருந்த மீசைவைத்த ஓய்வுபெற்ற அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏது ரெஜிமென்டா?"

"ரெஜிமென்ட் இல்ல சார். சுரங்கம்."

சிரிப்பு கூரையைத் தூக்கியது. "போட்டுக் காட்டறேன் சார், எனக்க காலுக்குச் சரியா இருக்கும்" என்று ஓடினேன். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "மரிச்ச ஜவான்டெ பூட்ஸில காலிடான் நாணமில்லே?" என்று மலையாளத்தில் சீறினார். செத்தவனின் பூட்ஸில் காலை விட வெட்கமில்லையா என்று, சாகாதவனிடம் கேட்கிறார்!

அப்போதுதான் அத்தான் என்னையும் பூட்ஸையும் மாறிமாறிப் பார்த்தார். தெரிந்துவிட்டது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "மக்கா, உனக்குப் புண்ணியமாட்டு போவும். மிண்டாத இரி, வாயத் தொறக்காத. எனக்க மானம் போயிரும்."

"எனக்க வேலை போயிருமே அத்தான்!"

அதற்குள் ஞானமுத்து அண்ணன், "எலே, வேணுமெங்கி வெல கேளு. சும்மா எனக்கது எனக்கதுன்னா கிட்டாது" என்றார். கேட்டேன். என் பூட்ஸுக்கு நானே, சட்டைப்பையில் வழிச்செலவுக்கு இருந்ததையெல்லாம் விலையாகக் கேட்டேன். பூவார் பக்கம் ரிசார்ட் வைத்திருக்கும் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு விரலை உயர்த்தினார். முடிந்தது. செத்துப்போன எனக்காக எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் நின்றேன், வெறுங்காலோடு.

வீட்டுக்கு நடக்கும்போது தார் ரோடு தோசைக்கல்லாகக் கொதித்தது. அத்தான் எனக்கு முன்னே வந்து உள்ளறையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது கையில் ஒரு ஜோடி பூட்ஸ். பட்டாளத்தில் அவருக்குக் கொடுத்தது. ஞாயிறுதோறும் பாலிஷ் போட்டுத் துணியில் சுற்றி வைப்பார், அக்காவைக்கூடத் தொடவிடமாட்டார்.

"இதப் போட்டுட்டுப் போ" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"அத்தான், நான் இதச் சேத்துல மிதிச்சுச் சவிட்டுவேன்."

"சவிட்டிக்கோ."

என் காலுக்குப் பெரிதாக இருந்தது. முன்னால் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு பாறசாலையில் ரயில் ஏறினேன். மேஸ்திரி என் காலைப் பார்த்தார், உள்ளே விட்டார். அடுத்த மழைக்குள் அந்த நிஜப் பட்டாள பூட்ஸ் சுரங்கச் சேற்றில் நைந்து செத்தது. அதற்காக ஒருவரும் எழுந்து நிற்கவில்லை.

போன வருஷம் அக்கா மகள் அந்த ரிசார்ட்டில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தாள். அங்கிருந்தே போன் செய்தாள்: "மாமா, உங்க பூட்ஸ் இஞ்ச கண்ணாடிப் பெட்டியில இருக்கு. நீங்க பனியில மரிச்சுப் போனீங்கன்னு கீழ எழுதியிருக்கு. பூவெல்லாம் வச்சிருக்காவ."

அன்றிலிருந்து நான் ஊருக்கு வந்து படியேறும்போதெல்லாம் அக்கா அடுக்களையில் இருக்கும் மகளுக்குக் குரல் கொடுக்கிறாள்: "வீரமரணம் அடைஞ்சவன் வந்தாச்சு, ஒரு கட்டஞ்சாயா போடுட்டீ!" வீடே சிரிக்கும். அத்தான் மட்டும் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார்.

ஒருநாள் பொறுக்காமல் அக்கா மகளிடம் கேட்டேன், அந்தப் பூவையாவது தினமும் மாற்றுகிறார்களா என்று.

பிளாஸ்டிக் பூவாம்.