துரையின் துப்பாக்கியில் ஒரு தேவையில்லாத சாமான்

ஒரு இயந்திரத்தைச் சரியாக்கிவிட்டவனுக்கு, உலகத்திலுள்ள மற்ற இயந்திரங்களெல்லாம் தனக்காகத்தான் காத்திருக்கின்றன என்று ஒரு நினைப்பு வந்துவிடும். வயதும் இருபத்திரண்டாகி, கையில் சொந்தமாக ஒரு திருப்புளியும் இருந்துவிட்டால் அதற்கு மருந்தே கிடையாது. எனக்கு இரண்டும் இருந்தன.

பதுளைக் கடைவீதியில் என் பெரியப்பாவுக்குத் துணிக்கடை. அதன் ஓரத்தில் உட்கார்ந்து நான் தையல் மெஷின் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். சீமைச் சண்டை முடிந்த புதிது. (முதல் உலகப் போரை அப்போது அப்படித்தான் சொல்வோம். இரண்டாவது ஒன்று வரும் என்று யாருக்குத் தெரியும்?) பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் துரைசானியின் மெஷின் ஓடவில்லை என்று ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் பாபினுக்கு அடியில் நூல் சிக்கியிருந்தது. அதை உருவி எடுக்க ஒரு நிமிஷம் ஆனது. கஷ்டமான வேலை என்று காட்டிக்கொள்ளத்தான் ஒரு மணி நேரம் ஆனது.

என்னைக் கூட்டிப்போனவர் அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சுப்பையா. அவருடைய மகள் செல்லம்மாளை எனக்குக் கேட்பதாக எங்கள் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மெஷின் ஓடியதும் மனிதர் பூரித்துப்போனார். நேரே துரையிடம் போய், இந்தத் தம்பிக்குத் தெரியாத இயந்திரமே இல்லை என்று சொல்லிவிட்டார். நான் மறுத்திருக்கலாம். தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தேன். (அது ஒப்புக்கொள்வதைவிட மோசம்.)

துரை உள்ளே போய் ஒரு கைத்துப்பாக்கியோடு வந்தார். சண்டையிலிருந்து கொண்டுவந்தது. ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் புது மாதிரி. ஆனால் மலைநாட்டு ஈரத்தில் துருவேறி, அடிக்கடி சிக்கிக்கொண்டது. பிடியிலும் ஒரு வெடிப்பு. பங்களா நாய்களைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போன சமயம் அது. ஆகவே துப்பாக்கி துருப்பிடிக்கக் கூடாது, சிக்கக் கூடாது, கைக்கு அடக்கமாகப் புதுப் பிடி வேண்டும் என்றார். தோட்டாக்களை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, முடியுமா என்று கேட்டார்.

"செஞ்சுரலாங்க துரை," என்றேன். அந்த மாதிரித் துப்பாக்கியை அதற்கு முன் நான் கண்ணால்கூடக் கண்டதில்லை.

துரை வேலை மேற்பார்வைக்குப் போனதும், வராந்தாவில் துணி விரித்துத் தொடங்கினேன். பிடியைக் குறை சொல்ல முடியாது. பலாக்கட்டையில் செதுக்கி, தேய்த்து, முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றினேன். அந்த மிதப்பில் குழாயின் நுனியிலிருந்த மூடியை அழுத்தித் திருகினேன். 'விண்' என்று ஒரு சத்தம். மூடி காலடியில் விழுந்தது. அதற்குப் பின்னால் அடைபட்டிருந்த ஸ்பிரிங் வராந்தாக் கிராதியைத் தாண்டி, ரோஜாப் பாத்தியைத் தாண்டி, வெயிலில் மினுங்கிக்கொண்டே போய்ச் சரிவிலிருந்த தேயிலைக்குள் இறங்கியது. கொக்கு பறப்பதைப் பார்ப்பது போல நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை, "என்னமோ பறந்துச்சே தம்பி?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. தேவையில்லாத சாமான்."

"வெள்ளக்காரன் தேவையில்லாம ஒண்ண உள்ள வைப்பானா?"

"பழசுக்குத் தேவைங்க. நான் போடப்போற எண்ணெய்க்கு அது வேண்டியதில்லை."

அவர் நம்பினார். அவர் தலை மறைந்ததும் சரிவில் இறங்கி, தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து தேடினேன். கை கால் எல்லாம் கீறல்தான் மிச்சம். கடைசியில் என் பெட்டியிலிருந்த தையல் மெஷின் ஸ்பிரிங் ஒன்றை இழுத்து நீட்டி உள்ளே திணித்தேன். துப்பாக்கியின் மேல்பாகம் அதை மதிக்கவே இல்லை. பெருவிரலால் தள்ளித்தான் மூட வேண்டியிருந்தது. துரு பிடிக்காமலிருக்க, சமையற்கட்டிலிருந்து தேங்காயெண்ணெய் வாங்கித் தாராளமாக ஊற்றினேன். மலைக் குளிரில் விடிவதற்குள் தேங்காயெண்ணெய் வெண்ணெயாகிவிடும் என்பதை அங்கே இருந்த யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்திலேயே சோதனை வைத்தார் துரை. கொழுந்து பறிக்கப் போக வேண்டிய பெண்களெல்லாம் கூடையோடு நின்றுவிட்டார்கள். முதலில் துரை அந்தப் பிடியைத் தடவிப் பார்த்து என் தோளைத் தட்டினார். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணத் தேதியே தெரிந்தது.

துரை மரக்கட்டை மேலிருந்த மண்ணெண்ணெய்த் தகரத்தைக் குறிவைத்துச் சுட்டார். தகரம் விழுந்தது. கூட்டம் 'ஆ' என்றது. துரை மறுபடி விசையை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் போன மேல்பாகம் திரும்பி வர மறந்து, கொட்டாவி விட்டபடி அங்கேயே நின்றுவிட்டது. துரை உதறினார். என் தேங்காயெண்ணெய் ஒரு கட்டியாக அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் விழுந்தது.

எனக்கு உதவி செய்வதற்காக, சத்தியமாக உதவி செய்வதற்காகத்தான், கணக்கப்பிள்ளை முன்னால் வந்தார்.

"துரை, இதுக்கு மேல சிக்காதுங்க. உள்ள இருந்த தேவையில்லாத சாமானைத் தம்பி நேத்தே தேயிலைக்குள்ள எறிஞ்சுட்டாருங்க."

துரை துப்பாக்கியைத் திறந்து பார்த்தார். என் ஸ்பிரிங்கை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். சரிவைக் கைகாட்டி, "போ. தேடு," என்றார்.

பகல் முழுக்கத் தேடினேன். பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். தேயிலைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த என்னைத்தான், அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த செல்லம்மாள் முதன்முதலாகப் பார்த்தாள். (முகத்தை அல்ல.) ஸ்பிரிங் கிடைக்கவே இல்லை. துரை அதைச் சீமையிலிருந்து வரவழைத்தார். அது வந்து சேர்வதற்கு முன்பே சிறுத்தையும் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது.

சம்பந்தம் முறிந்தது என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்தார்கள். கணக்கப்பிள்ளையும் அப்படித்தான் நினைத்தார். செல்லம்மாள்தான் சம்மதம் சொன்னாளாம். "ஒரு பொய்ய ஒரு ராத்திரிக்கு மேல காப்பாத்தத் தெரியல. இந்த மாதிரி ஆளு கிடைக்கிறது கஷ்டம்பா," என்று அவள் சொன்னதை மாமனாரே பிறகு என்னிடம் சொன்னார்.

பதுளைக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்வெளி என்று ஒரு தோட்டம் இருக்கிறது. நான் அங்கே கால் வைத்ததே இல்லை. ஆனாலும் என் மைத்துனன்மார் கல்யாணத்தன்றே என்னை 'ஸ்பிரிங்வெளி மாப்பிள்ளை' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ஸ்பிரிங்கை வெளியே விட்டவன் என்று பொருளாம். பேரப்பிள்ளைகளுக்கு நான் இன்று ஸ்பிரிங்வெளித் தாத்தா. போன மாதம் பண்டாரவளையில் ஒரு பெரியவர் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, தானும் ஸ்பிரிங்வெளியில் பிறந்தவன்தான் என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தோட்டத்து வீட்டு வரிசைகளில் எந்த லயம் என்று ஆசையாகக் கேட்டார். முழுக்கதையையும் யார் சொல்லிக்கொண்டிருப்பது? கோயிலுக்குப் பின்னால் இருக்கிற லயம் என்றேன்.

கோயிலுக்குப் பின்னால் பெரிய பள்ளம்தான் இருக்கிறதாம்.