வாய்க்கு மூன்று வாரம் ஓய்வு

பெரிய மச்சான் அவர்களுக்கு, வணக்கம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு, நேராக என் தொண்டைக்கு வருகிறேன்.

கட்டியை எடுத்தாயிற்று. கெட்ட கட்டி இல்லையாம், கத்திக் கத்தி வந்த கட்டியாம். இருபத்தெட்டு வருஷம் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவினால் வேறென்ன வரும் என்று டாக்டர் சிரித்தார். அதோடு, மூன்று வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது, முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று சொல்லி, ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். நானாவது, வாயை மூடுவதாவது! முதல் நாளே சந்தை முதலாளி ஃபோனில் உடம்பு எப்படி என்று கேட்டார். நான் மிகுந்த மரியாதையோடு ஃபோனுக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அவர் நாலு முறை லைனில் இருக்கிறேனா என்று கேட்டுவிட்டு, பதறிப்போய் கணக்கரை நேரில் அனுப்பிவிட்டார். நான் பதில் பேசமாட்டேன் என்று தெரிந்ததும் கணக்கர் தன் மூட்டு வலியை ஆரம்பத்திலிருந்து இரண்டு மணி நேரம் சொல்லி, என்னிடம் பேசினால் மனசு லேசாகிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

இப்படிப் பொழுது போகாமல் கிடந்தபோது, பத்து நாளுக்கு முன் ஒரு மத்தியானம் உங்கள் தங்கை டிவியில் ஒரு காதல் படம் போட்டாள். நகைச்சுவைப் படமாம். கதாநாயகன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், கதாநாயகி பல் டாக்டர். அவள் லிஃப்டில் மாட்டிக்கொண்ட அன்றே இவனுக்குக் காதல் வந்துவிடுகிறது, ஆனால் இரண்டரை மணி நேரம் சொல்லமாட்டேன் என்கிறான். அவள் எதிரே நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்போதுகூடச் சொல்லவில்லை. சந்தையில் இப்படி யோசித்துக்கொண்டு நின்றால் தக்காளி அழுகி ஓடிவிடும். வழக்கமாக நான் கால் மணி நேரத்தில் முடிவைச் சொல்லிவிட்டு, மீதி நேரம் ஏன் அப்படி முடியும் என்று விளக்குவேன். அன்று நோட்டில் "இவளைத்தான் கட்டுவான்" என்று எழுதி அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் பென்சிலைப் பிடுங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள் மச்சான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு! கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

கடைசியில் அந்தத் தடியன் ஒருவழியாக, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டதும் இவள் கண்ணைத் துடைத்தாள். ஏன் என்று சைகையில் கேட்டேன்.

"கேக்கறான் பாருங்க," என்றாள். "என்கிட்ட யாரும் கேக்கலை. நீங்க வந்தீங்க, அண்ணாகூட உக்காந்து பேசினீங்க, முடிஞ்சுபோச்சு. நான் தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள எனக்குக் கல்யாணம்."

உண்மைதானே மச்சான். நானே கூவி நானே எடுத்துக்கொண்ட ஏலம் அது.

அன்றிலிருந்து அவள் பேசுகிறாள். முட்டைக்கோஸ் அவளுக்குப் பிடிக்காதாம். சந்தையில் மிஞ்சியதை வாரத்துக்கு மூன்று நாள் ஆசை ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்! ஏன் சொல்லவில்லை என்று எழுதிக் கேட்டால், நடுவில் இடமே கிடைக்கவில்லை என்கிறாள். அவளுக்கு நாய்ப் பயமும் கிடையாதாம். எனக்குப் பயம் என்பதால்தான் நாய் இருக்கும் தெருவை விட்டுச் சுற்றி அழைத்துப் போகிறாளாம். கேட்கக் கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இன்னும் சொல்லமாட்டாளா என்றும் இருக்கிறது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். முந்தாநாள் டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, மெதுவாகப் பேசலாம் என்று சொல்லிவிட்டார். நான் வீட்டுக்கு வந்து, இன்னும் இரண்டு வாரம் என்று விரலைக் காட்டிவிட்டேன். என் வாய் திறந்தால் அவள் வாய் மூடிக்கொள்ளுமோ என்று பயம். பேசினால் முதலில் படத்தில் அந்தத் தடியன் கேட்ட கேள்வியைத்தான் அவளிடம் கேட்கவேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? சந்தையே அதிரக் கூவினவனுக்கு இந்தச் சின்னக் கேள்வி தொண்டையைத் தாண்ட மாட்டேன் என்கிறது. உங்கள் தங்கையை உங்களுக்குத்தான் தெரியும். அவள் என்ன பதில் சொல்லுவாள் என்று உடனே எழுதுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஓசையில்லாத ஆசிகளும்.

இப்படிக்கு,
பேச வந்தும் பேசாத உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: இதை அவளிடம்தான் தபாலில் போடக் கொடுக்கிறேன். கவலை வேண்டாம், நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

அண்ணா, ஒட்டினது காயறதுக்குள்ள பிரிச்சுட்டேன். முந்தாநாளே டாக்டர் எனக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லிட்டார். நீ இதுக்குப் பதில் எழுதாதே. மறுபடியும் நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுடாதீங்க. அவர் என்கிட்ட கேக்கட்டும்.