பூதலூரில் ஒரு கனடா வேலி

காலை ஆறு மணிக்கு எழுகிறேன். பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சுகிறேன். ஒரு டம்ளர் காபி போடுகிறேன். ஆறரைக்கு, குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் என்ற முறையில், வேலியைப் பார்வையிடுகிறேன்.

கல்லணைக்குப் பிறகு காவிரிப் படுகையில் நடந்த ஒரே பெரிய காரியம் இந்த வேலிதான்.

பூதலூருக்கு வெளியே பதினைந்து ஏக்கர் நஞ்சை 2004-இல் மனையாக முன்னேறி, 'ஆல்பைன் கார்டன்' ஆயிற்று. சங்கத் தலைவர் இராஜாங்கம், டொரண்டோவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்து 'உலகத்தரம்' கற்றுத் திரும்பியவர்.

"அங்கல்லாம் வேலின்னாலே தூஜாதான். வருஷம் பூரா பச்சை. பனியிலயே நிக்குது, நம்ம வெயில் என்ன பண்ணிடும்?"

கைதட்டினோம். இருநூறு தூஜா, அதாவது கூம்புமரக் கன்றுகள் வந்தன. முதல் மழையில் வேரில் தண்ணீர் நின்று இருநூறும் அழுகின. மரத்தின் மீது தவறில்லை, மண் இன்னும் 'தகுதி' பெறவில்லை என்று செயற்குழு கண்டறிந்தது. நகரைச் சுற்றி மூன்றடி மண்மேடு போட்டு அதன்மேல் புதிதாக நடுவதென்று முடிவாயிற்று.

அந்தக் கூட்டத்தில்தான் என் மனைவி குந்தவை எழுந்தாள். வலங்கைமான் பக்கம் விவசாயக் குடும்பம்.

"சுத்தி வயலுங்க. தண்ணி ஏறினா பாம்பும் எலியும் எங்க போகும்? மேட்டுக்குத்தான் வரும்."

"கனடாவுல யாரும் அப்படிச் சொல்லலியேம்மா" என்றார் தலைவர்.

"மரந்தான் சார் கனடா. மண்ணு பூதலூருதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "நான் சொன்னதை மினிட் புக்ல எழுதினீங்களா?"

"நீ உறுப்பினர் இல்லையே. வீட்டுக்கு ஒருத்தர்தான்."

"எழுதலன்னா பாம்பு வராதாக்கும்?"

மேடு எழுந்தது. தூஜா தழைத்தது. பூதலூர் ரயிலில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை. வயலெல்லாம் ஒரே வெள்ளம். சுற்றுவட்டாரத்தில் காய்ந்திருந்த ஒரே இடம் எங்கள் உலகத்தரம்தான். காலையில் பால் எடுக்கப் போன குந்தவையை வேலியடியில் கண்ணாடி விரியன் கடித்தது. ஆட்டோவில் தஞ்சாவூர் கொண்டு போனேன். மறுநாள் இறந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம்.

சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது. இரண்டு நிமிடம் மௌனம். மரங்களுக்குச் சேதம் எதுவும் இல்லை என்பது பதிவு செய்யப்பட்டது. மேட்டை வெட்டலாம் என்று யாரோ முனகியது பதிவு செய்யப்படவில்லை.

"தம்பி, கடைசியா எதாவது சொன்னாங்களா? தீர்மானத்துல சேத்தா நல்லாருக்கும்" என்றார் தலைவர்.

"ஞாபகம் இல்லைங்க."

"பரவால்ல. 'பசுமையைக் காப்பாத்துங்க'ன்னு போட்டுக்குங்க."

போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். வேலி இன்று ஆறடி உயரம், நல்ல அடர்த்தி. மேடு மூன்றடி, அப்படியே இருக்கிறது.

எனக்கு ஞாபகம் இருந்தது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு அவள் சொன்னது இதுதான்:

"அந்த மேட்டை இன்னிக்கே வெட்டச் சொல்லுங்க. ஸ்கூல் வேனுக்குப் புள்ளைங்க அங்கதான் வந்து நிக்கும்."