செல்லியம்மன் காலண்டர்

தன் படத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்களை விரட்டிக்கொண்டு ஓடிய ஒரே ஓவியர், இந்தச் சென்னைப் பட்டணத்திலேயே எங்கள் 'காலண்டர்'தான்.

தி.நகரில் நாங்கள் வேலை பார்த்த டிசைன் ஆபீசில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். ரோஜாக் கன்னம், தாமரைக் குளம், தோளில் கிளி என்று அந்தக் காலத்துக் காலண்டர் படங்களை அச்சு அசலாக வரைவார். அதற்குள் இந்தக் காலத்துக் குசும்பு ஒன்று ஒளிந்திருக்கும். அது தெரியாமல் "அழகா இருக்கு" என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். அரைமணி நேரம் விளக்கவுரை நடக்கும்.

மந்தைவெளியில் ஒரு தடவை சின்னதாகக் கண்காட்சி வைத்தார். ஒரு படத்தில் இளவரசி அன்னத்தைத் தூது விடுகிறாள். அன்னத்தின் முதுகில் பிரியாணி டெலிவரிப் பை. பெரியவர் ஒருவர், "அன்னம் தத்ரூபம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். காலண்டர் விடுவாரா? ரயில் நிலையம் வரை துரத்தினார்.

"சார்! பையப் பாருங்க சார், பை!"

பெரியவர் தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வந்த ரயிலில் பாய்ந்து ஏறிவிட்டார். அது எந்தப் பக்கம் போகிற ரயில் என்றுகூடப் பார்க்கவில்லை, பாவம்.

ஒரு வருஷம் ஜவுளிக்கடை அண்ணாச்சி, தன் கடைக் காலண்டருக்கு அம்மன் படம் கேட்டார். நம்மவர் ஒழுங்காக வரைந்தார். கூடவே தன் திருப்திக்கு இன்னொன்று: தாமரை மேல் நின்று ரீல்ஸ் எடுக்கும் பெண். கையில் செல்போன், தலைக்குப் பின்னால் வட்டமாக ரிங் லைட். அச்சகத்துக்கு நான் அனுப்பியது இந்த இரண்டாவதை!

ஏற்கெனவே ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மாற்றிப் போட்டவன் நான். இன்னொரு தப்பு என்றால் வேலை காலி என்று முதலாளி சொல்லியிருந்தார். அச்சான காலண்டர் கட்டு கடைக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. நம்மவரையும் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

அண்ணாச்சி படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். அடிக்கத்தான் என்று இரண்டடி பின்வாங்கினேன். அவரோ செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"முகத்துல என்ன களை பாத்தியளா! பின்னால ஒளிவட்டம், கையில கண்ணாடி... இது எந்த அம்மன் தம்பி?"

காலண்டரின் உதடு துடித்தது. "அண்ணாச்சி, அது கண்ணாடி இல்ல..." என்று ஆரம்பித்தே விட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். விளக்கவுரையை அப்படியே விழுங்கினார்.

"செல்லியம்மன், அண்ணாச்சி."

"அதானே பாத்தேன்! அடுத்த வருஷமும் இவளையே போட்ருங்க."

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. காலண்டருக்குத்தான் ஆறவில்லை.

"ரிங் லைட்டு நைனா! ஒளிவட்டமாம்! மனசு கேக்கல நைனா" என்று தெருமுனை வரை புலம்பிக்கொண்டே வந்தார். சிக்னலில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. 'செல்'லியம்மன்! நடுரோட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"இப்பதான் புரிஞ்சிகினியா?" என்றார். முகமெல்லாம் பல்.

வருஷம் முடிந்து தேதித்தாள் எல்லாம் கிழிந்துவிட்டது. படம் மட்டும் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் அம்மனைக் கும்பிடுகிறார்கள். நானும் தினம் கும்பிடுகிறேன், காலண்டரை.