எண்பத்தெட்டை எதிர்த்த பல் செட்காரர்

வாழ்க! பல்லிழந்தோர் வாய்க்கெல்லாம் மறுவாழ்வு வழங்கும் வள்ளல் வாழ்க! மெழுகு உருக்கி, மெழுகால் ஈறு வனைந்து, ஈற்றின்மேல் பல்நிரை நட்டு, நிரைக்கு மெருகேற்றி, கரைத்துக் குடித்தே காலம் தள்ளியோரைக் கடலை கொறிக்க வைக்கும் கைவண்ணக் கோமான், நாற்பத்தாறு வயதும் நடுத்தர உயரமும் லேசான தொப்பையும் ஒருங்கே வாய்த்த நம் பல் செட்காரர் நீடு வாழ்க! அவர் வலக்கை ஏந்திய பத்தாம் நம்பர் ஸ்பானர் வாழ்க! அந்த ஸ்பானர் வாரத்துக்கு இரண்டு முறை தொலைந்துபோவதும், வேறு வழியில்லை, வாழ்க!

குழாய்வழி ஓடி இன்ஜின் குளிர்விக்கும் கூலன்ட் தாயே, பச்சை நிறத்தவளே, மூடி திறப்போர் முகத்தில் பாய்பவளே, உன்னைத் தொழுது தொடங்குகிறேன். கதை முடியும்வரை பொங்காமல் இரு. ஏதோ நாடு பிடித்த கதை, யானை மறித்த கதை என்று நினைத்துக் காலை நீட்டி உட்கார்ந்தவர்களிடம் இப்போதே சொல்லிவிடுவது மரியாதை. ஒரு கார் இன்ஜினுக்கு எத்தனை டிகிரி தெர்மோஸ்டாட் போடுவது என்று இரண்டு பேர் மல்லுக்கட்டிய கதை இது.

தெர்மோஸ்டாட் யாதெனின், உள்ளங்கையில் அடங்கும் பித்தளை வாயில்காப்போன். இன்ஜின் எனும் அனல்மாளிகைக்கும் ரேடியேட்டர் எனும் குளிர்மண்டபத்துக்கும் இடையே குந்தியிருந்து, தன் வயிற்று மெழுகு உருகும்வரை நீரை அப்பால் விடாது தடுப்பவன். உருகியதும் கதவு திறப்பவன். எத்தனை டிகிரியில் திறப்பான் என்பதை அவன் முதுகிலேயே பொறித்திருப்பார்கள். எழுபத்தொன்று, எண்பத்திரண்டு, எண்பத்தெட்டு என்று கடையில் மூன்று ரகம் கிடைக்கும்.

இனிக் காரைப் பாடுவோம். செம்மேனியாள், தரைதடவும் தாழ்நடையாள், டர்போ மூச்சினாள், ஒரு முறை உறுமினால் தெருமுனை ஜன்னல்கள் எல்லாம் ஒருசேரச் சாத்தப்படும் பெருமையுடையாள், நான்கு கதவுகள் கொண்ட அந்த நாயகியின் எடையைக் குறைத்தால் வேகம் கூடும் என்று முன்பக்கத்து விருந்தினர் இருக்கையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தவர் நம் தலைவரான பல் செட்காரர்; கால்மிதியை உரித்தார், கதவுப் பஞ்சைப் பிய்த்தார், சொந்தத் தொப்பையில் மட்டும் கை வைக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வாய்க்கே அளவெடுத்து வந்த மனிதர் அவர். தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அந்தக் கார் ஒன்றுதான்.

அந்த ஆசை நாயகியோ இரண்டு முறை பொங்கினாள். முதல் முறை, மாலை நெரிசலில், நாற்சந்தியின் நட்டநடுவில், நாற்புறமும் ஹார்ன்முழக்கம் அதிர, வெண்புகை விண்ணேற. இரண்டாம் முறை, தலைவரின் மனைவி வேலைக்குப் போகும் வழியில். அம்மையார் நீதிமன்றத்தில் தட்டெழுத்தர்; சாட்சி இருமினால்கூட அதை ஒரு வரியாகப் பதிவு செய்பவர். அன்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்துபோய், வாழ்நாளில் முதல் முறையாக நீதிபதிக்குப் பிறகு உள்ளே நுழைந்தார். அந்த அவமானத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அதனால் வீட்டில் அது மூன்று நாள் கனத்தது.

நான்காம் நாள், சாப்பாட்டு மேசையில், தண்ணீர் டம்ளரைச் சாட்சியாக வைத்து, தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

"ஞாயித்துக்கிழமை நானும் வரேன். மலைமேல இருக்கிற தண்ணித் தொட்டி வரைக்கும் ஓட்டுங்க. நடுவழியில நான் இறங்கும்படி ஆச்சுன்னா, வண்டி அண்ணனுக்கு. அவ்வளவுதான்."

அண்ணன் என்று அம்மையார் சொன்னது, நம் தலைவருக்கு மச்சான். வொர்க்ஷாப் வைத்திருக்கும் மாவீரர்; நெற்றி வரை கிரீஸ் பூசியவர்; பானட்டுக்குள் தலையை விட்டபடியே போன் பேசுபவர்; செம்மேனியாளை வாங்கிய நாள்முதல் "விக்கிறதா இருந்தா என்கிட்ட சொல்லுங்க மாப்ள" என்று வாரம் தவறாமல் சொல்லி வருபவர். அவர் ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஆனால் அவர் யோசனை சொல்ல வாயைத் திறந்தாலே நம் தலைவருக்கு அந்த ஆசைதான் காதில் விழுந்தது.

சனிக்கிழமை முற்பகல், ஆயில் டின்கள் அணிவகுக்க, டயர்கள் கோட்டைபோல் அடுக்கியிருக்க, வொர்க்ஷாப் எனும் போர்க்களத்தில், மரப்பலகைமேல் மூன்று அட்டைப்பெட்டிகள் வைக்கப்பட்டன. எழுபத்தொன்றை நம் தலைவர் கையில் எடுத்தார். எண்பத்தெட்டை மச்சான் கையில் எடுத்தார். "மெழுகின் மேன்மை யான் அறிவேன், மெழுகுக்குள் பிறந்து மெழுகுக்குள் வளர்ந்த எனக்கா மெழுகு சொல்லித் தருகிறாய்! முன்னதாக உருகுபவன் முன்னதாகத் திறப்பான். முன்னதாகத் திறந்தால் அனல் அடங்கும். அடங்கிய அனல் என்றும் அடங்கியே கிடக்கும். இது உறுதி, இது உண்மை, இது என் சூளுரை!" என்று விண்ணதிர முழங்கினார் தலைவர். அவர் உண்மையில் சொன்னது, "கம்மி டிகிரி போட்டா கம்மி சூடு, இதுல என்ன மச்சான் இருக்கு?" என்பதுதான்.

மச்சான் பானட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்தார். அது அபூர்வமாக நடப்பது.

"அது வெறும் கதவு மாப்ள. எப்ப திறக்கணும்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். ரெண்டு தடவையும் ரேடியேட்டர் ஃபேன் சுத்தவே இல்ல. வயர் லூஸ். அதை மாட்டிட்டு, கம்பெனி சொன்ன எண்பத்தெட்டைப் போடுங்க. இன்ஜினுக்கும் கொஞ்சம் சூடு வேணும்."

ஐயகோ, இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்! ஆனால் சந்தேகம் என்னும் திரை விழுந்த செவியில் நல்ல சொல் நுழையுமா? எண்பத்தெட்டைப் போடச் செய்து, நாயகியைப் பொங்க வைத்து, மனைவியை நடுத்தெருவில் இறக்கி, வண்டியைத் தன் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போகத்தானே இந்த மனுஷன் வலை விரிக்கிறார் என்று நம் தலைவர் உள்ளுக்குள் கொதித்தார். மச்சான் இறங்கி வந்து, நடுவில் இருந்த எண்பத்திரண்டைச் சமாதானத் தூதாக நீட்டிப் பார்த்தார். தலைவர் அந்தப் பெட்டியை விரல் நுனியால் பலகையின் ஓரம்வரை தள்ளிவிட்டார். மச்சானோ, காத்துக் குமிழி வெளியேற தெர்மோஸ்டாட் விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டால் நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு, ஃபேன் வயரை மாட்டக் காருக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஓட்டை! அந்த ஒற்றைச் சொல்லில் அல்லவா விதி ஒளிந்திருந்தது! சாதாரண மனிதனாக இருந்தால் டிரில்லை எடுத்து ஒரு ஓட்டை போட்டுவிட்டு எழுந்திருப்பான். நம் தலைவரோ மயிரிழைக்கும் மில்லிமீட்டருக்கும் பஞ்சாயத்து செய்து பிழைப்பவர். எழுபத்தொன்றைக் கைக்குட்டையில் பொதிந்து, தம் லேபுக்கு எடுத்துச் சென்று, விளக்கைத் தாழ்த்தி, உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்து, பல்லைக் குடையும் நுண்கருவியை நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றில் முடுக்கி, விளிம்பில் முதல் ஓட்டையைப் போட்டார். அடடா, என்ன வட்டம், என்ன நேர்த்தி! ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை இருப்பது அவர் கண்ணை உறுத்தியது. ஒரு கடைவாய்ப் பல் மட்டும் முளைத்த வாய்போல் இருந்தது. எதிரே இன்னொன்று போட்டார். இப்போது மேலும் கீழும் வெறிச்சோடியது. அங்கும் போட்டார். நான்கு ஓட்டைகளுக்கு நடுவே நான்கு இடைவெளிகள் இளித்தன, அவற்றையும் குடைந்தார். மூன்று மில்லி பார்வைக்கு ஒடுக்கமாகப்படவே ஐந்தாக அகட்டி, எட்டு ஓட்டைகளுக்கும் மெருகுப்பசை தடவி, பஞ்சுச் சக்கரத்தில் மெருகேற்றி, ஊதிப் பார்த்து, முகம் பார்த்து, புன்னகைத்தார். வாயில்காப்போன் சல்லடையாகிவிட்டான் என்பதும், இனிக் கதவு மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் நீர் தன் பாட்டுக்குப் போகும் என்பதும் அந்த அழகில் அவருக்குத் தோன்றவே இல்லை. அன்று மாலையே வொர்க்ஷாப்புக்குத் திரும்பி, மச்சான் கை கழுவப் போன நேரத்தில், தானே அதை இன்ஜினில் பூட்டி மூடினார்.

புலர்ந்தது ஞாயிறு. புலர்ந்ததே தவிர விடியவில்லை என்று சொல்லும்படி ஒரு குளிர். மூக்கு நுனி யாருடையதோ போல இருக்கும் குளிர். முன்னே செம்மேனியாள், பின்னே கயிறும் தண்ணீர் கேனும் ஏந்திய மச்சானின் பழைய வேன். முன்பக்கத்தில் இருக்கை இல்லாததால் அம்மையார் பின்பக்கத்தில் சால்வை போர்த்தி அமர்ந்தார். உறுமியது இன்ஜின், சாத்தின ஜன்னல்கள், மலைப்பாதை நோக்கி எழுந்தது படை. தலைவரின் இரு கண்களும் சாலையில் ஒரு பங்கும் வெப்பமானியின் ஊசியில் மூன்று பங்குமாகப் பதிந்தன.

என்ன சொல்வேன் அந்த ஊசியின் அடக்கத்தை! முதல் வளைவில் அது அசையவில்லை. மூன்றாம் வளைவில் அசையவில்லை. ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோதும், சாப்பிட்டுப் படுத்த நாய்போல, அடிக்கோட்டைவிட்டு எழவே இல்லை. ஐம்பது டிகிரியைக்கூடத் தொடாத அந்த இன்ஜினின் கம்ப்யூட்டர், இன்னும் வண்டி எழுந்திருக்கவில்லை போலிருக்கிறது என்று பெட்ரோலை வாரி இறைக்க, பின்னால் கரும்புகை குமுற, மச்சான் வைப்பரைப் போட்டுக்கொண்டு வந்தார். அத்தனையும் வெற்றிச் சின்னமாகவே பட்டது நம் தலைவருக்கு. ஹீட்டரோ, சூடான தண்ணீர் வந்தால்தானே சூடான காற்று தரும்? அது கர்மசிரத்தையாகப் பனிக்காற்றை ஊதியது.

குளிர்கிறது என்றார் அம்மையார். "ம்" என்றார் தலைவர். ஹீட்டரைப் போடச் சொன்னார் அம்மையார். போட்டுத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. கால் மரத்துவிட்டது என்று அம்மையார் அறிவித்தபோது, அவர் ஊசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பாதிவழியில், சாலை வேலை நடக்கும் இடத்தில், சிவப்புக்கொடிக்காரர் வண்டிகளை நிறுத்தினார்.

"என்னால முடியல. நான் இறங்கி அண்ணன் வண்டியில வரேன்."

"ம்."

கதவு திறந்தது, மூடியது. தலைவர் அப்போது டாஷ்போர்டில் காதை வைத்து, எழுபத்தொன்று திறக்கும் ஓசை கேட்கிறதா என்று தவம் கிடந்தார். பச்சைக்கொடி அசைந்தது. புறப்பட்டார்.

அதன்பின் ஒன்பது கிலோமீட்டர் தூரம், காலிப் பின்னிருக்கையை நோக்கி, ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல், அவர் ஆற்றிய பேருரையை எழுதினால் ஏடு தாங்காது. எண்பத்தெட்டின் ஆணவம், எழுபத்தொன்றின் மாட்சி, எட்டு ஓட்டைகளின் இசைவு, உறவுக்குள் ஒளிந்திருக்கும் சூழ்ச்சி, கடைசியில் மனம் இளகி, வேண்டுமானால் முன்னிருக்கையைத் திரும்ப மாட்டித் தருகிறேன் என்ற வாக்குறுதி வரை எல்லாம் அதில் இருந்தது. குறுக்கே பேசாமல் மனைவி கேட்டுக்கொண்டிருந்தது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவ்வளவு பொறுமையாக அவள் கேட்டதே இல்லையே என்று நெகிழ்ந்துபோனார்.

தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. பொங்காமல், புகையாமல், புகையாமல் என்பதை அடித்துவிடுவோம், பொங்காமல் சிகரம் தொட்டாள் செம்மேனியாள். தலைவர் இன்ஜினை அணைத்தார், கையிரண்டும் உயர்த்தினார், "பாத்தியா?" என்று திரும்பினார். பின்னிருக்கையில் சால்வை மட்டும் இருந்தது.

வேன் வர ஆறு நிமிடம் ஆயிற்று. அந்த ஆறு நிமிடத்தில் அவர் டிக்கியைக்கூடத் திறந்து பார்த்தார். வேனின் முன்சீட்டில், ஹீட்டரின் வாயில் இரு கைகளையும் காட்டிக்கொண்டு, கன்னம் சிவந்து, சௌக்கியமாக அமர்ந்திருந்தார் அம்மையார். பொங்கவில்லையே, ஒரு பொட்டுத் தண்ணீர் சிந்தவில்லையே என்று தலைவர் வாதாடினார். அம்மையார் கண்ணாடியை இறக்கினார்.

"பொங்கினாத்தான்னு நான் சொல்லல. நடுவழியில நான் இறங்கும்படி ஆச்சுன்னான்னு சொன்னேன். இறங்கறேன்னு சொல்லிட்டுத்தான் இறங்கினேன். நீங்க 'ம்'னு சொன்னீங்க."

பதிவு அப்படியே இருந்தது; ஒரு எழுத்துப் பிசகில்லை. மேல்முறையீட்டுக்கு இடமே இல்லாமல் நின்ற தலைவர், மெல்ல மச்சானிடம் போய், அந்த வேனில் எத்தனை டிகிரி என்று கேட்டார்.

"தெரியல மாப்ள. வாங்கினப்ப இருந்ததுதான். திறந்தே பாக்கல."

எட்டு ஓட்டைகளும் அந்தக் கணத்தில் தலைவரின் நெஞ்சில் விழுந்தன. அவர் அழுதார், கொஞ்சம்தான். சாவியை வளையத்திலிருந்து கழற்ற நகம் உடைந்தது. கழற்றி மச்சான் கையில் வைத்தார். மச்சான் அதை உடனே பைக்குள் போடாமல், ஓட்டணும்போல இருந்தா ஞாயித்துக்கிழமை வாங்க மாப்ள என்று சொல்லிவிட்டு, செம்மேனியாளிடம் போய், பின்னிருக்கையில் கிடந்த அம்மையாரின் சால்வையை எடுத்துத் தன் தலையில் சுற்றிக்கொண்டார். போர் ஓய்ந்தது, குளிர்காற்று மட்டும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஊளையிட்டது. பல் செட்காரர் வேனில் ஏறி ஹீட்டரைக் கூட்டி வைத்தார்.