கெட்டிமேளத்தை விழுங்கிய சாக்ஸபோன்

இருபத்திரண்டு வயதில் எனக்கு உலகத்தில் தெரியாத விஷயமே கிடையாது. (இப்போது ஐம்பத்தைந்து. தெரிந்ததை எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரலே அதிகம்.) அப்படி எல்லாம் தெரிந்திருந்த காலத்தில்தான், கூடப்பிறந்த அக்காவின் கல்யாண வீடியோவுக்கு நானே இசை சேர்த்தேன். அக்கா எப்படியோ பிழைத்துக்கொண்டாள். என்னை இன்னும் யாரும் முழுசாக மன்னிக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அருப்புக்கோட்டையில் அப்பா மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். நான் மெட்ராஸில் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தேன். வேலை கிடைக்கிறவரை கடையில் உட்காரச் சொன்னதற்கு, வத்தல் நெடி தும்மல் வரவழைக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து ஒரு கேசட். விடுதியில் என்னோடு தங்கியிருந்தவனின் மாமா வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது. சோதனை முயற்சிகளுக்குப் பேர்போன ஒரு ஜாஸ் இசையமைப்பாளர், தன் ஆரம்ப காலத்தில் மூன்று சினிமாப் படங்களுக்குப் போட்ட பின்னணி இசை. அவர் பெயரை எனக்கு அன்றும் சரியாகச் சொல்ல வராது, இன்றும் வராது.

கேசட் அட்டையில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அவர் வாத்தியக்காரர்களுக்குத் தாளில் எதுவும் எழுதித் தரமாட்டாராம். எல்லோரையும் திரைக்கு முன்னால் உட்காரவைத்துப் படத்தை ஓட்டி, பார்ப்பதை வாசியுங்கள் என்று சொல்லிவிடுவாராம். முதல் படம் ஒரு கொலைகாரனைப் பற்றியது. இரண்டாவது அவனைத் தேடி அலைகிறவனைப் பற்றியது. மூன்றாவது எதைப் பற்றியது என்று அட்டை போட்டவருக்கே தெரியவில்லை போல. உண்மையைச் சொல்கிறேன், முதல் தடவை கேட்டபோது எனக்குத் தலைவலி வந்தது. ஆனால் அதைக் கேட்டுத் தலைவலி வராதவனாக ஊருக்குள் நடமாடுவதில் ஒரு கௌரவம் இருந்தது.

அக்கா சரசுவைத் திருச்சுழியில் கட்டிக் கொடுத்தோம். அத்தான் ஒரே பிள்ளை, தானிய வியாபாரம். அவருடைய அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனுஷி. ஆனால் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாளிலிருந்து, வீடியோ கேசட் எப்போது வரும் என்று ஆள் மாற்றி ஆள் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். அக்காவும் கடிதம் போட்டாள். ‘தம்பி, அத்தை தினமும் கேட்கிறார்கள். இந்த வீட்டில் என்னிடம் அவர்கள் கேட்ட முதல் பொருள் இது. சீக்கிரம் அனுப்பு.’ அத்தைக்கு எதற்கு இத்தனை அவசரம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் தெரிந்தவன் கேள்வி கேட்பதில்லையே.

வீடியோ எடுத்தது ஜெயபால் அண்ணன். அருப்புக்கோட்டையில் சின்ன ஸ்டுடியோ. அவருடைய வழக்கமான வேலைமுறை எளிமையானது. தாமரைப் பூ விரியும், உள்ளே மாப்பிள்ளையின் தலை முளைக்கும், பின்னால் சினிமாப் பாட்டு ஓடும். தாலி கட்டும் இடத்தில் மட்டும் பாட்டை நிறுத்தி, மண்டபத்தில் பதிந்த கெட்டிமேளத்தை அப்படியே விட்டுவிடுவார். நான் போய் இதெல்லாம் பழைய முறை என்றேன். கேசட்டை நீட்டினேன். அவர் ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, “தம்பி, கேசட்டு சிக்கிருச்சு போல, சுத்தி எடுக்கவா?” என்றார். நான் சிரித்தேன். எவ்வளவு இளக்காரமாகச் சிரித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

முகூர்த்த சீசன், அவருக்கு நேரமில்லை. வீடியோ கேசட் ஓட்டும் இரண்டு டெக்கையும் என்னிடம் விட்டுவிட்டு, பந்தல்குடிக்கு அடுத்த கல்யாணம் எடுக்கப் போய்விட்டார். நான் மூன்று பகல் உட்கார்ந்து வேலை செய்தேன். சொந்தக்காரர்கள் மண்டபத்துக்குள் நுழைவதற்குக் கொலைகாரன் தெருவில் நடக்கும் இசை. பந்திக்கு டிரம்ஸ். அத்தை காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு வரும் இடத்தில் அடித்தொண்டையிலிருந்து உறுமும் சாக்ஸபோன். தாலி கட்டும் இடத்துக்கு என்ன போடுவது என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். முதல் படத்தில் நாற்பது விநாடி நிசப்தம் வரும். பிறகு ஒற்றை சாக்ஸபோன் மெல்ல விசும்பும். அந்த நிசப்தம்தான் படத்தின் மிக உரத்த இசை என்று அட்டைக் குறிப்பு சொல்லியது. நான் கெட்டிமேளத்தை எடுத்துவிட்டு அந்த நிசப்தத்தை வைத்தேன். வைத்துவிட்டு நானே கண்கலங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் திருச்சுழி வீட்டில் டெக்கை மாட்டினோம். அக்கா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள், அத்தானின் பங்காளிகள், அத்தானின் அப்பாவான, காலமான மாமாவின் சிநேகிதர் வீரசோழன் பாய் என்று கூடம் நிறைந்துவிட்டது. அத்தை டிவிக்கு நேர் எதிரே தரையில் அமர்ந்து, மடியில் ஒரு கிண்ணத்தை வைத்திருந்தார்.

படம் ஓடத் தொடங்கியது. முதல் இரண்டு நிமிஷம் யாரும் அசையவில்லை. நான் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டேன். திரையில் எங்கள் சித்தப்பா சிரித்தபடி சந்தனம் எடுக்கக் கையை நீட்டினார். அடியில் போன இசைக்கு, அவர் அந்தக் கையால் யாரையோ கழுத்தை நெரிக்கப் போகிறவர் மாதிரி இருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, அறையில் நிஜமாக உட்கார்ந்திருந்த சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் நெளிந்து உட்கார்ந்தார். பாய் மட்டும் என் பக்கம் சாய்ந்து, “தம்பி, ஆளு யாருன்னு கடைசிலதேன் சொல்லுவாகளா?” என்று அக்கறையாகக் கேட்டார்.

அத்தை காப்பித் தட்டோடு திரையில் வந்தார். சாக்ஸபோன் உறுமியது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். எழுந்து போய் சத்தத்தைக் குறைக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் ஐயர் தாலித் தட்டை எடுத்துவிட்டார். அத்தை கிண்ணத்தைத் திறந்தார். உள்ளே மஞ்சள் அரிசி.

திரையில் ஐயர் விரலை ஆட்டினார். தவில்காரர் கையை ஓங்கினார். நிசப்தம். அத்தான் குனிந்தார், அக்கா தலை குனிந்தாள், எல்லோர் வாயும் அசைந்தது, எதற்கும் சத்தமில்லை. பிறகு, மூன்றாவது முடிச்சு விழும் நேரத்துக்குச் சரியாக, இழவு வீட்டில் ஒருத்தி அழத் தொடங்குவதுபோல அந்த சாக்ஸபோன் விசும்பியது. அபசகுனமாக ஒரு தும்மல்கூடக் காதில் விழுந்துவிடக் கூடாது என்றுதானே நம் ஜனங்கள் அந்த நேரத்தில் மேளத்தை அப்படி அடிக்கிறார்கள்? நான் மேளத்தை எடுத்துவிட்டு அழுகையை வைத்திருந்தேன்.

யாரோ டெக்கை அணைத்தார்கள். அத்தானின் பெரியப்பா எழுந்து, பெண் வீட்டார் வேண்டுமென்றேதான் இப்படிச் செய்திருக்கிறார்கள், இதற்கு அர்த்தம் தெரியாமல் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்றார். அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். அத்தை கையில் எடுத்த அரிசியைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டு மூடினார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

“மாமா போன பெறகு நான் எங்க மேடைகிட்ட நிக்க? தாலி கட்டுற நேரம் சமையக்கட்டுல போயி நின்னுக்கிட்டேன். அன்னைக்குச் சத்தத்த மட்டும் கேட்டேன்” என்றார். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, “இன்னைக்குக் கண்ணால பாக்குறேன், சத்தத்தக் காணோம்” என்றார்.

மாமா இறந்து ஆறு வருஷம் என்பது தெரியும். அதனால் பெற்ற தாய், ஒரே மகன் தாலி கட்டுவதைப் பார்க்காமல் அடுப்பங்கரையில் நின்றார் என்பது தெரியாது. மண்டபத்தில் நானூறு பேர் இருந்தோம். அவர் எங்கே என்று ஒருவரும் தேடவில்லை, நான் உட்பட. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

ஊர் திரும்பி ஜெயபால் அண்ணனிடம் ஓடினேன். மண்டபத்தில் எடுத்த மூல கேசட்டைக் கொடுங்கள், மேளத்தை மறுபடி ஏற்றிவிடலாம் என்றேன். அவர் மெதுவாக, “அது மேலதேன் பந்தல்குடிக் கல்யாணத்த எடுத்துருக்கேன்” என்றார். அப்பா அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. நானாகவே கடையில் போய் உட்கார்ந்து தும்மினேன்.

தும்மிக்கொண்டிருந்தபோதுதான் அட்டைக் குறிப்பு ஞாபகத்துக்கு வந்தது. வாத்தியக்காரர்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துப் படத்தை ஓட்டு.

அடுத்த ஞாயிறு, அக்கா கல்யாணத்துக்கு வாசித்த அதே நாயனக்காரரையும் தவில்காரரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு திருச்சுழி போய் இறங்கினேன். ஜெயபால் அண்ணன் இரண்டு டெக்கும் ஒரு மைக்கும் கொண்டுவந்தார். பெரியப்பாவும் வந்திருந்தார், என்ன கூத்து என்று பார்க்க. தவில்காரருக்கு நடந்ததைச் சொன்னால் புரியவில்லை, எனவே பழைய கேசட்டைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டினேன். திரையில் தான் அடிப்பதையும் அதிலிருந்து சாக்ஸபோன் வருவதையும் பார்த்து அவர் எழுந்தே நின்றுவிட்டார். “ஏப்பா, என் தவில்லருந்து எரும கத்துது?” என்றார். அவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைக்க ஒரு சொம்பு மோர் செலவானது.

ஜெயபால் அண்ணன் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டு டெக்கை ஓடவிட்டார். தவில்காரர் திரையில் இருந்த ஐயரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் ஆடியது. அந்தக் கூடத்தில் கெட்டிமேளம் வெடித்தது. ஓட்டு வீடு, தாழ்ந்த கூரை, காது அடைத்துப்போனது. அத்தை தன்னை அறியாமல் எழுந்து நின்றார். அத்தான் திரையில் முடிச்சுப் போடப் போட, கைநிறைய மஞ்சள் அரிசியை எடுத்து டிவி மேல் போட்டார். “ஐயா, நல்லா இருங்கய்யா” என்று வாய்விட்டு அழுதார்.

முடிந்ததும் ஜெயபால் அண்ணன் தயங்கி, அத்தையின் குரலும் கண்ணாடியில் அரிசி விழுந்த சத்தமும் பதிந்துவிட்டது, இன்னொரு முறை எடுக்கலாமா என்று கேட்டார். அத்தான் வேண்டாம் என்றார். பெரியப்பா உள்ளே திரும்பி, தண்ணீர் கேட்டார். அக்கா கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தக் கேசட்டில் இன்றைக்கும் மேளத்துக்கு நடுவே சடசடவென்று அரிசி விழும். நான் அறிந்த பின்னணி இசையிலேயே அதற்கு இணை கிடையாது. (அந்த ஜாஸ் மேதையின் கேசட் நாடாவை அக்கா உருவியெடுத்து, அவரைக்காய்ப் பந்தலில் காக்கா விரட்டக் கட்டிவிட்டாள். நன்றாக விரட்டியது.)

நாலு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். தாலி கட்டும் நேரம் நெருங்கியதும் அத்தை வழக்கம்போலப் பின்னால் நகர்ந்தார். நான் மணையில் உட்கார்ந்தபடியே ஜெயபால் அண்ணனுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் போய், சத்தம் சரியாக ஏறுகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும், உங்களை விட்டால் இந்தக் குடும்பத்தில் நான் யாரை நம்புவது என்று கூட்டிவந்து, ஹெட்ஃபோனை அத்தையின் தலையில் மாட்டி, கேமராவுக்குப் பக்கத்தில், மேடைக்கு நேர் முன்னால் நிறுத்திவிட்டார். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை அவரைக் கையமர்த்தி, “சவுண்டு பாக்கேன், பேசாதீக” என்றார்.

மேளம் கொட்டியது. அத்தை அரிசியைத் தூவ எட்டி முன்னால் வந்த வேகத்தில் ஹெட்ஃபோன் வயர் இழுத்து, கேமரா அப்படியே திரும்பிவிட்டது. அதனால் எங்கள் கல்யாண வீடியோவில் கெட்டிமேளம் கணீரென்று இருக்கிறது. படத்தில் மட்டும் ஹெட்ஃபோன் மாட்டிய அத்தையின் முகம். நான் தாலி கட்டியது எங்குமே இல்லை.

என் மனைவி இத்தனை வருஷமாக, நாங்கள் சண்டை போடும்போதெல்லாம் அந்தக் கேசட்டைத்தான் எடுக்கிறாள். இவர் எனக்குத் தாலி கட்டினார் என்பதற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்கிறாள். போன பொங்கலுக்குத் திருச்சுழியில் எல்லோரும் கூடியிருந்தபோதும் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். எண்பதைத் தாண்டிய அத்தை நாற்காலியில் இருந்தபடி பதில் சொன்னார்.

“நான் பாத்தேன்த்தா. முன்னால நின்னு பாத்தேன்.”